கேமரன் மலையில் குடியேறப் போகிறீர்களா? முதலில் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள்

கோலாலம்பூர் பக்கத்தில் பூச்சோங்கில் 22 வருஷம் இருந்தோம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. காலையில் 6.15க்குக் காடியை எடுத்தால்தான் 8 மணிக்கு வேலைக்குப் போய்ச் சேர முடியும். ஐந்து நிமிஷம் தாமதமானால் 9 ஆகிவிடும். இப்போது கேமரன் மலையில் ரிங்லெட் என்ற ஊரில் ஐந்தாவது வருஷம் நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு, எதிரே பள்ளத்தாக்கு, காலையில் கதவைத் திறந்தால் பனிமூட்டம். சொந்தக்காரர்களும் பழைய அண்டைவீட்டுக்காரர்களும் மாதத்துக்கு ஒருவராவது போன் பண்ணி, "நாங்களும் மேலே வந்துவிடலாம்னு இருக்கோம், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் பேச்சு இதுதான். கீழே இருக்கும் வீட்டை விற்காதீர்கள். மேலே எதையும் வாங்காதீர்கள். செப்டம்பர் கடைசியில் வந்து, ஜனவரி வரை வாடகைக்கு இருங்கள். இந்த மலையில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை உண்டு. அதைவிடப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வரும். வீடு ஒழுகுமா, சுவர் ஈரம் உறிஞ்சுமா, தண்ணீர் கலங்கி வருமா, சாலை அடைபடுமா, வயதான அம்மாவுக்கு மூட்டு வலிக்குமா என்று எல்லாவற்றையும் அந்த மழை காட்டிவிடும். பிப்ரவரியில் வந்து பார்க்கிறவர்களுக்கு வெயிலும் பூவும்தான் தெரியும்.

நாங்கள் செய்த தவறும் அதுதான். முதலில் எடுத்த வாடகை வீட்டைப் பிப்ரவரி மாதம் பார்த்தோம். சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருந்தது. நவம்பரில் ஒரு ராத்திரி அடுப்படிப் பின்சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து, விடிவதற்குள் தரையெல்லாம் செம்மண் சேறு. அந்தச் சாயம் போன மழையின் கறையை மறைக்க அடித்தது என்று பிறகுதான் புரிந்தது. மூன்று மாத முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. நல்லவேளையாக அது வாடகை வீடு. வாங்கியிருந்தால்?

எந்த ஊர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேமரன் மலை என்று ஒரே பேராகச் சொல்கிறோமே தவிர, அது மலேசியாவில் பஹாங் மாநிலத்தின் ஒரு மாவட்டம். உள்ளே பல ஊர்கள். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறி வந்தால் முதலில் வருவது ரிங்லெட், கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர். உயரம் சுமார் 1,100 மீட்டர் என்பதால் குளிர் கொஞ்சம் குறைவு. கடைத்தெரு சின்னது. சுற்றிலும் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும். போ தேயிலைக் கம்பெனி 1929இல் தொடங்கிய முதல் தோட்டமும் ஹாபு வழியாகப் போகும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதற்கும் மேலே 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா. ஆஸ்பத்திரி, நில அலுவலகம், பேங்க், பஸ் நிலையம் எல்லாம் அங்கே. ராத்திரி 15 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். அதைத் தாண்டினால் பிரிஞ்சாங், அப்புறம் கியா பார்ம், கம்போங் ராஜா. சுற்றுப்பயணிகள் குவிவது பிரிஞ்சாங் முதல் கியா பார்ம் வரை. பள்ளி விடுமுறையில் அந்தச் சாலையில் நிற்கும் நெரிசலைப் பார்த்தால் பூச்சோங்கே தேவலை என்று தோன்றும். அமைதிக்காக வருகிறவர்கள் அந்த நீளத்தில் வீடு தேடவேண்டாம் என்பது என் கருத்து. சின்னப் பிள்ளைகளோ நோயாளிகளோ வீட்டில் இருந்தால் தானா ராத்தா. மற்றவர்களுக்கு ரிங்லெட் நன்றாக ஒத்துவரும்.

வீடு பார்க்கும் முறை

மழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்வாசலைப் பார்க்காமல் நேராக வீட்டின் பின்புறம் போங்கள். பின்னால் மேடு இருந்தால் தடுப்புச் சுவர் இருக்கும். அதில் வரிசையாகச் சின்னக் குழாய்த் துளைகள் இருக்கவேண்டும். மழை நாளில் அதிலிருந்து தண்ணீர் வடிவது நல்லது. துளைகள் அடைபட்டு, சுவர் மட்டும் வியர்த்து நின்றால் தண்ணீர் உள்ளே தேங்குகிறது என்று அர்த்தம். வருகிற தண்ணீர் தெளிவாக இல்லாமல் மண் கலங்கி வந்தாலும் ஆபத்து. மேட்டில் மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, தரையில் பிறைநிலா மாதிரி வளைந்த வெடிப்பு ஓடுகிறதா, வீட்டுக் கதவுகள் சட்டத்தில் மாட்டி மூட மறுக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குடியிருக்கும்போது இதெல்லாம் புதிதாகத் தெரிந்தால், மழை விடும்வரை வேறு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். சாமான் போனால் போகட்டும்.

மேட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம் என்றால், மண் குடிக்கவேண்டிய மழைநீர் முழுவதும் அந்தக் கூரையில் வழிந்து ஒரே ஓட்டமாக உங்கள் வீட்டுக் கால்வாய்க்கு வரும். புதிதாகக் காடு வெட்டிய சரிவு இன்னும் மோசம்.

ரிங்லெட்டுக்குக் கீழே பெர்த்தாம் வேலி எனப்படும் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் வாடகை குறைவாகச் சொல்வார்கள். அங்கே பார்ப்பதற்கு முன் 2013 அக்டோபரில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். கனமழையில் சுல்தான் அபு பக்கார் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நடு ராத்திரிக்கு மேல் சேற்று வெள்ளம் வந்து வீடுகள் போயின, உயிர்களும் போயின. மேட்டுத் தோட்டங்களின் மண் அரித்துவந்து ஏரியில் படிந்து, அது தண்ணீர் பிடிக்கும் அளவே குறைந்திருந்தது. ஆற்றோரமாக வீடு எடுக்கவேண்டாம். ஆற்றுக்கு எட்டிய தூரம் என்றாலும், அபாயச் சங்கு எந்த ஓசையில் ஒலிக்கும், ஒலித்தால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்று அங்கே பல வருஷம் இருப்பவரிடம் கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள்.

அப்புறம் தண்ணீர். பட்டணத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் மீட்டரோடு வரும். ஒதுக்குப்புற வீடுகளில் மலை ஓடையிலிருந்து பைப் இழுத்திருப்பார்கள். மழை பெய்ததும் அந்தத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும், இல்லையென்றால் இலை அடைத்து நின்றுபோகும். கூரைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டி, வடிகட்டி, குடிக்கக் கொதிக்கவைத்த தண்ணீர் மூன்றும் வேண்டும். ஓடைக்கு மேலே தோட்டம் இருந்தால் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். அது கொதிக்கவைத்தாலும் போகாது. அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.

போன் சிக்னலுக்குச் சுருக்கமான சோதனை: வீட்டின் கடைசி அறையில் நின்று, இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம்மில் பேசிப் பாருங்கள். பைபர் இணையம் கடைத்தெருவை ஒட்டிய தாமான்களில் கிடைக்கும். பள்ளத்து வீடுகளுக்குக் கிடைக்காமல் போகலாம். 2023 முதல் ஸ்டார்லிங்க் மலேசியாவில் இருப்பதால், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு வழி. தலைக்குமேல் வானம் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிலம் வாங்குவது பற்றி

"அரை ஏக்கர் இருக்கு, பக்கத்துலயே வீடும் கட்டிக்கலாம், விலை ரொம்ப மலிவு" என்று யாராவது வந்தால், முதலில் கிராண்டு (நிலப் பட்டா) இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த மலையில் காய்கறி நடும் நிலத்தில் நிறைய, மாநில அரசு நிலம். அதற்குக் காலங்காலமாகத் தற்காலிக உரிமம்தான் கொடுத்து வந்தார்கள். எல்லோரும் டிஓஎல் என்பது அதைத்தான். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். தேசிய நிலச் சட்டப்படி அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதோடு முடிந்துவிடும். காசு கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அதை 'வாங்கிய' குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கையில் இருப்பது வெறும் தாள்தான். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் ஆட்கள் ஈபிஎப் (ஊழியர் சேமநிதி) காசை எடுத்த கையோடு இந்தப் பேச்சில்தான் விழுகிறார்கள்.

கிராண்டு இருந்தாலும் அவசரப்படாதீர்கள். தானா ராத்தா நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, சாரியான் ராஸ்மி எனப்படும் அதிகாரபூர்வத் தேடல் எடுங்கள். உரிமையாளர் யார், குத்தகை இன்னும் எத்தனை வருஷம், பேங்க் கடன் இருக்கிறதா, நிலம் விவசாயத்துக்கா குடியிருப்புக்கா, மலாய்க்காரர்களுக்கென்றே ஒதுக்கிய நிலமா என்று அதில் தெரிந்துவிடும். விவசாய நிலத்தில் இஷ்டத்துக்கு வீடு எழுப்ப முடியாது. சரிவை வெட்டிச் சமப்படுத்த மாவட்ட மன்றத்தின் அனுமதி வேண்டும். மலை நிலத்துக்கென்றே 1960ஆம் வருஷத்து மண் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. விற்பவரின் வக்கீலே உங்களுக்கும் வக்கீலாக இருக்கவேண்டாம்.

தோட்டத்து லயத்து வீடு கிடைக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது கம்பெனியின் வீடு. தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு, வேலை இருக்கும்வரை. மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பங்களே ஓய்வு பெற்றதும் எங்கே போவது என்று தவித்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் நாம் அந்த வீட்டுக்குக் கண் வைப்பது நியாயமில்லை.

வீடு மாறும் நாள்

தாப்பா சாலை பழையது, குறுகலானது, வளைவுக்குமேல் வளைவு. பெரிய லோரி என்றால் ஈப்போ பக்கத்துச் சிம்பாங் புலாய் வழியாகக் கம்போங் ராஜாவுக்கு ஏறி இறங்கி வருவது எளிது. ஆனால் வாரக்கடைசியில் கியா பார்மில் மாட்டிக்கொள்வீர்கள். செவ்வாய், புதன் மாதிரி நாளில் விடிகாலையில் புறப்பட்டு, மதியத்துக்குள் சாமானை இறக்கிவிடுங்கள். மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான் பிடிக்கும். கோலாலம்பூர் பக்கத்துச் செலாயாங் மொத்தச் சந்தைக்கு ராத்திரியில் காய்கறி இறக்கிவிட்டு, காலையில் வெறும் வண்டியாக மேலே திரும்பும் லோரிக்காரர்கள் உண்டு. ரிங்லெட் கோப்பிக் கடையில் கேட்டால் யாராவது கைகாட்டுவார்கள். அந்த ஓட்டுநர்களுக்கு வளைவெல்லாம் மனப்பாடம்.

உங்கள் காடியை நீங்களே ஓட்டுவதென்றால், ஆட்டோ கியரை டி-யிலேயே விட்டு இறங்காதீர்கள். 2 அல்லது எல்-க்கு மாற்றி, என்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தாப்பாவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வாந்தி வராமலிருக்க அசாம்போய் (புளிப்பு உலர்பழம்) ஒரு பாக்கெட்.

ஈரமும் அடுப்படியும்

மேலே வந்த முதல் மூன்று மாதம் நான் அழுதது குளிரால் இல்லை, பூஞ்சணத்தால். கல்யாணப் புடவையில் வெள்ளைப் புள்ளி, தோல் செருப்பில் பச்சை, பிள்ளைகளின் சான்றிதழ்களில் பழுப்புக் கறை. இப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள். கிராண்டு, பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட் எல்லாம் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளோடு. பட்டுப் புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயில் அடிக்கும் ஜனவரி, பிப்ரவரியில் நிழலில் காற்றாட விடுங்கள். துணி உலர்த்தும் மெஷின் மலையில் ஆடம்பரம் இல்லை. படுக்கையறைக்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினோம். ஒரே ராத்திரியில் அதன் வாளியில் சேர்ந்த தண்ணீரைப் பார்த்து என் வீட்டுக்காரர் நம்பவில்லை.

சமையலும் மாறும். தேங்காயெண்ணெய் கட்டியாகவே நிற்கும், அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வாய் அகன்ற போத்தலில் ஊற்றி வையுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 95, 96இலேயே கொதித்துவிடுவதால், பருப்பும் கடலையும் திறந்த சட்டியில் வேக நேரமாகும். குக்கர் கட்டாயம்.

இட்லி மாவுதான் பெரிய பாடு. பூச்சோங்கில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே காலையில் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். இரண்டு வாரம் தோசை கல்லு மாதிரி வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, போ தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாவுக்கும் குளிருதும்மா, போர்வை போடு." அவர் சொன்ன முறை இது. உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். வெந்தயம் ஒரு கரண்டி கூட. அரைத்ததும் உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்கவேண்டும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர் போத்தல் ஒன்றையும் வைத்து மூடவேண்டும். படுக்கும் முன் போத்தலில் தண்ணீரை மாற்றவேண்டும். 12 முதல் 15 மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும். தயிருக்கும் அதே பெட்டிதான்.

முட்டைக்கோஸ், தக்காளி, கீரை எல்லாம் புதிதாகக் கிடைக்கும். முருங்கையும் தேங்காயும் கீழேயிருந்துதான் வரவேண்டும். முருங்கைக் கொம்பு கொண்டுவந்து நட்டு, இரண்டுமுறை சாகக் கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி, பள்ளி, பிழைப்பு

தானா ராத்தாவில் அரசாங்க மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. காய்ச்சல், காயம், சாதாரணப் பிரசவம் வரைக்கும் சரி. பெரிய கேஸ் என்றால் ஈப்போவுக்கு அனுப்புவார்கள். மலை இறங்கிப் போய்ச்சேரும் நேரத்தை மனத்தில் வையுங்கள். இதய நோய், டயாலிசிஸ் உள்ளவர் வீட்டில் இருந்தால், குடிவருவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய், என்ன வசதி, எத்தனை நாள் இடைவெளி, சாலை அடைபட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வரவேண்டாம். இதில் தைரியம் காட்டக்கூடாது. தொடர்ந்து சாப்பிடும் மருந்து இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பு இருக்கட்டும்.

தமிழ்ப்பள்ளி ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் போ தோட்டங்களிலும் இருக்கிறது. பிள்ளைகள் குறைவு. ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். தாமான் பள்ளியில் 38 பேரில் ஒருவனாகப் பேசாமல் இருந்த என் சின்னவன், இங்கே ஒரே வருஷத்தில் மேடையேறிப் பேசினான். இடைநிலைப்பள்ளிக்கு வரும்போது தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். கேட்கும் பெற்றோர் இருந்தால்தான் வகுப்பு நிலைக்கும்.

பிழைப்பு விஷயத்தில் ஒளிக்காமல் பேசவேண்டும். தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் கைவேலைக்குப் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். சட்டப்படி குறைந்த சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்குச் சம்பளத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. வீட்டிலிருந்தே செய்யும் வேலை, ஓய்வூதியம், கைத்தொழில் இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வாருங்கள். வயரிங், பைப், லோரி மெக்கானிக் வேலை தெரிந்தவரை மலை கைவிடாது. பழைய லாண்ட்ரோவர் இன்னும் காய் சுமந்துகொண்டிருக்கும் ஊர் இது. நான் நான்கு காய்கறி வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

காகித வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். அடையாள அட்டையில் முகவரி மாற்றம் 30 நாளுக்குள். வாக்காளர் முகவரி, சாலைப் போக்குவரத்து இலாகா, ஈபிஎப் அடுத்தடுத்து. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டி வையுங்கள், மின்சாரக் கணக்கை உங்கள் பேருக்கு மாற்ற அது வேண்டும்.

அக்கம்பக்கம்

மலையில் மரம் விழுந்து கரண்டு போகும். மண் சரிந்து சாலை மூடும். முதல் தகவல் செய்தியில் வராது, கோப்பிக் கடையிலிருந்து வரும். அதனால் குடிவந்த வாரமே நான்கு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா எப்போது என்று கேட்டு, அன்றைக்குச் சமையல் கூடத்தில் காய் நறுக்கப் போய் உட்காருங்கள். பட்டணத்திலிருந்து வந்தவர் என்று முதலில் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். இரண்டாம் வருஷம் உங்களைத் தேடுவார்கள். அவர்கள் தாத்தா பாட்டி காலத்தில் இந்தச் சரிவுகளில் காடு வெட்டித் தேயிலை நட்ட கதையைக் கேளுங்கள். எந்த மேடு எப்போது சரிந்தது என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே வரும். நில அலுவலகத் தாளில் அது கிடைக்காது.

தாப்பா சாலையோரத்தில் செமாய் என்ற பூர்வகுடி மக்கள் பெத்தாய்க் காயும் தேனும் மூங்கில் குருத்தும் விற்பார்கள். இந்த மலை நமக்கு முன்னால் அவர்களுடையது. ரொம்பப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வீட்டில் எப்போதும் இருக்கவேண்டியவை: ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு, கூடுதலாக ஒரு கேஸ் தோம்பு, நிரப்பி வைத்த இரண்டு தண்ணீர் டிரம், டார்ச் லைட், முழுதாக சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். காடி டேங்கில் பாதிக்குக் கீழே பெட்ரோல் இறங்கவிடாதீர்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டி, நான்கு அண்டைவீட்டு எண்கள், ஒரு லோரிக்காரர் எண், ஆஸ்பத்திரி எண் எழுதி வையுங்கள். கரண்டு போன ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கிற மாதிரி எழுத்து பெரிதாக இருக்கட்டும்.